குடோனுக்குள் இன்னொரு தளம்: மெஸனைன் போடுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

குடோன் வாடகையைச் சதுர அடிக் கணக்கில்தான் பேசுகிறோம். உயரத்தை யாரும் பேசுவதில்லை. 20 அடி உயர ஷெட்டை வாடகைக்கு எடுத்து, அதில் ஆளுயரத்துக்கு அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டு, இடம் போதவில்லை என்று பக்கத்துத் தெருவில் இன்னொரு ஷெட் தேடுகிறவர்கள் ஏராளம். தலைக்கு மேலே 14 அடி சும்மா கிடக்கிறது.

அந்த வெற்று உயரத்தில் இரும்புத் தூண்களை நிறுத்தி, உத்தரங்களை ஓட்டி, தரைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு தளம் போடுவதுதான் மெஸனைன். வீட்டுப் பரணைப் பெரிதாக்கியது போல என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே வித்தியாசம், பரணில் ஆள் நடமாட்டம் கிடையாது. இங்கே ஆட்கள் நடப்பார்கள், மேசை போட்டு வேலை செய்வார்கள், நாள் முழுக்கப் பெட்டிகளை ஏற்றி இறக்குவார்கள். இந்தத் தளத்துக்குத் தேவைப்படும் கவனம் எல்லாமே அதிலிருந்துதான் தொடங்குகிறது.

திருப்பூரை வைத்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். ஒரு பனியன் ஏற்றுமதி யூனிட்டின் குடோனில் என்னென்ன இருக்கும்? நூல் மூட்டைகள், துணி ரோல்கள், ஜிப், பட்டன், லேபிள், எலாஸ்டிக், பாலிபேக், மடித்து வைத்த வெற்று அட்டைப்பெட்டிகள், அப்புறம் பேக்கிங் முடிந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கிளம்பக் காத்திருக்கும் சரக்கு. இவை எல்லாம் ஒரே எடை கிடையாது, ஒரே வேகத்தில் நகர்வதும் கிடையாது. எதை மேலே அனுப்பலாம், எதைக் கீழேயே வைக்க வேண்டும் என்பதை முடிவு செய்த பிறகுதான் தளத்தைப் பற்றியே யோசிக்க வேண்டும். லேசானதும் மெதுவாக நகர்வதும் மேலே, கனமானதும் தினமும் வண்டியேறுவதும் கீழே. நூல் மூட்டையும் துணி ரோலும் தரையில் இருக்கட்டும். வெற்றுப் பெட்டிகள், பாலிபேக், அடுத்த சீசன் வரை தொடாத சாம்பிள்கள் போன்றவை மேலே போகலாம்.

உயரம் போதுமா?

ஷெட்டின் நடுமுகட்டை அளந்து ஏமாறக் கூடாது. கூரை சரிந்து வந்து சுவரைத் தொடும் ஓரத்தில், கூரை உத்தரத்தின் அடிப்பக்கம் வரை எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். நடுவில் 24 அடி இருக்கும் ஷெட்டில் ஓரத்தில் 17 அடிதான் கிடைக்கலாம்.

2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு மெஸனைன் தளத்துக்குக் குறைந்தது 2.2 மீட்டர் உயரம் கேட்கிறது. 7 அடி 3 அங்குலம் போல. மேலே அவ்வளவு, கீழே அவ்வளவு, நடுவில் உத்தரமும் தளமும் சேர்ந்து ஒன்றே கால் அடி என்று கூட்டினால் 16 அடியைத் தொட்டுவிடுகிறது. இது நெருக்கிப் பிடித்த கணக்கு. கீழே விளக்கு தொங்கும், குழாய் ஓடும், அதற்கும் இடம் வேண்டும். 14 அடி ஷெட்டில் மெஸனைன் போட்டுத் தரச் சிலர் ஒப்புக்கொள்வார்கள். கீழே நிற்பவர் தலையில் இடித்துக்கொள்வார், மேலே இருப்பவர் குனிந்தே நடப்பார். அது வேண்டாம். 20 அடி இருந்தால் நிம்மதியாகத் திட்டமிடலாம். கீழே ஃபோர்க்லிஃப்ட் ஓட வேண்டும் என்றால் அதன் கம்பம் முழுதாக உயர்ந்த நிலையில் எவ்வளவு வருகிறது என்று பார்த்து, கீழ்த்தளத்துக்கு அதற்குத் தக்க உயரம் கூட்ட வேண்டும்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இப்போது கட்டுகிற பெரிய கிடங்குகளில் 10 முதல் 12 மீட்டர் வரை உயரம் விடுகிறார்கள். அங்கே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தளங்கள்கூடப் போட முடியும். இணைய வணிகத்துக்கான கிடங்குகள் பல இப்படி அடுக்குத் தளங்களோடுதான் இயங்குகின்றன. சின்னச் சின்னப் பொருள்களை ஆட்கள் கையால் எடுத்துப் பெட்டியில் போடும் வேலைக்கு இந்த அமைப்பு நன்றாகப் பொருந்துகிறது.

மேலே என்ன வைக்கப் போகிறோம்?

மெஸனைன் போட வரும் ஒப்பந்தக்காரரிடம் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி "சதுர அடிக்கு எவ்வளவு ஆகும்?" என்பது. அவர் உடனே விலை சொல்லிவிட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். "மேலே என்ன சரக்கு வைப்பீர்கள், எவ்வளவு உயரம் அடுக்குவீர்கள்?" என்று திருப்பிக் கேட்காதவரிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. ஏனென்றால் தூணின் அளவு, உத்தரத்தின் கனம், தரைக்குள் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லாம் அந்தப் பதிலில் இருந்துதான் வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டி-ஷர்ட் பேக் செய்த அட்டைப்பெட்டி ஒன்று 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம், 15 கிலோ எடை என்று கொள்வோம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் சுமார் 4 பெட்டிகள் பிடிக்கும். நான்கு அடுக்கு வைத்தால் 16 பெட்டிகள், 240 கிலோ. பரவாயில்லை என்று தோன்றும்.

இப்போது அதே இடத்தில் தொங்கு அட்டைகளையும் அச்சடித்த லேபிள் கட்டுகளையும் வையுங்கள். காகிதம் நெருக்கமாக அடுக்கினால் ஒரு கன மீட்டருக்கு 700, 800 கிலோ வரை வரும். இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கினாலே முந்தைய பெட்டிகளைப் போல மூன்று மடங்கு எடை. சமையல் எண்ணெய் வியாபாரம் என்றால் 15 கிலோ டின்கள் ஒரு சதுர மீட்டரில் 16 உட்காரும். ஒரே அடுக்கு 240 கிலோவைத் தாண்டிவிடும், மூன்று அடுக்கு என்றால் முக்கால் டன். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி நிறைந்த குடோன்தான். தளம் மட்டும் வித்தியாசத்தை உணரும்.

கட்டடங்களின் சுமை பற்றிய இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875, இரண்டாம் பகுதி, இந்த இடத்தில் கறாராக இருக்கிறது. கிடங்குகளுக்கு, வைக்கப்போகும் பொருளின் அடர்த்தியை வைத்துக் கணக்கிட வேண்டும். அது எப்படி இருந்தாலும் அடுக்கும் உயரத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் சதுர மீட்டருக்கு 2.4 கிலோநியூட்டனுக்குக் குறையக் கூடாது, மொத்தத்தில் சதுர மீட்டருக்கு 7.5 கிலோநியூட்டனுக்குக் குறையக் கூடாது. கிலோவில் சொன்னால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 750. வீட்டு அறைகளுக்கு அதே தரநிர்ணயம் கேட்பது 2 கிலோநியூட்டன்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இடைவெளி புரியும். பெட்டி எடை 240 கிலோதானே, 300 கிலோ தாங்கும் தளம் போதுமே என்று விலையைக் குறைக்கப் பார்ப்பது இயல்பு. ஆனால் குடோனில் இன்று இருக்கும் சரக்கு அடுத்த வருடம் இருக்காது. ஆர்டர் குவியும் மாதத்தில் இடம் கிடைத்த மூலையில் எல்லாம் அடுக்குவார்கள். அந்த ஒரு மாதத்துக்கும் சேர்த்துத்தான் தளம் போட வேண்டும்.

பரவலாக உட்கார்ந்திருக்கும் எடை ஒரு பக்கம் என்றால், ஓடும் எடை இன்னொரு பக்கம். பேலட் என்பது சரக்கை அடுக்கும் தட்டு. அதைத் தூக்கிக் கையால் இழுக்கும் பேலட் டிரக்கில் ஒரு டன் சரக்கை ஏற்றினால், அந்த ஒரு டன்னும் சில சின்னச் சக்கரங்கள் வழியாகத்தான் தளத்தில் இறங்குகிறது. சதுர மீட்டர் கணக்கில் தாராளமாகத் தாங்கும் பலகைகூட அந்தச் சக்கரத்தின் கீழே பிளந்துபோகலாம். மேலே பேலட் டிரக் ஓட்டுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எல்லா எடையும் கடைசியில் தரைக்குத்தான் வரும்

இந்தப் பகுதியைத்தான் பலர் யோசிக்காமல் விட்டுவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தூண்களை 4 மீட்டருக்கு ஒன்றாக நிறுத்துகிறோம். அப்படியானால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு தூணும் 16 சதுர மீட்டர் தளத்தைச் சுமக்கிறது. சதுர மீட்டருக்கு 750 கிலோ என்றால் 12 டன். இரும்பின் சொந்த எடையையும் சேர்த்தால் 13 டன் போல வரும். இந்த 13 டன் தூணின் அடியில் இருக்கும் ஒரு இரும்புத் தகட்டின் வழியாக, ஏறத்தாழ ஓரடிக்கு ஓரடி இடத்தில், தரையில் இறங்குகிறது.

இருந்த சரக்கு தரையெங்கும் பரவிக் கிடந்தவரை தரைக்கு ஒன்றும் தெரியவில்லை. மேலே ஏற்றியதும் அதே சரக்கு சில புள்ளிகளில் குத்துகிறது. பழைய ஷெட்களில் மண் நிரப்பி, கெட்டித்து, அதன் மேல் 4 அல்லது 6 அங்குலம் கான்கிரீட் போட்டிருப்பார்கள். பல இடங்களில் கம்பிகூட இருக்காது. அப்படிப்பட்ட தரையில் தூணைப் போல்ட் அடித்து நிறுத்தினால் தரை விரியலாம், ஒரு தூண் மட்டும் அரை அங்குலம் இறங்கலாம். ஒரு தூண் இறங்கினால் அதன் பங்குச் சுமை பக்கத்துத் தூண்களுக்குப் போய்விடும், தளமும் சாயத் தொடங்கும்.

அதனால் பொறியாளரைக் கொண்டு தரையை ஒன்றிரண்டு இடங்களில் துளையிட்டு, கான்கிரீட் எத்தனை அங்குலம், கீழே மண் எப்படி என்று பார்க்கச் சொல்ல வேண்டும். தரை பலமாக இருந்தால் பெரிய அடித்தகடு போதும். இல்லையென்றால் தூண் வரும் இடத்தில் தரையை வெட்டி, தனி அஸ்திவாரம் போட வேண்டும். செலவு கூடும், சில நாள் தூசியும் இருக்கும். இதைத் தவிர்க்க முடியாது.

கீழே இடம் விசாலமாக இருக்க வேண்டும் என்று தூண்களைத் தள்ளித் தள்ளி வைக்கவும் ஆசை வரும். 6 மீட்டர் இடைவெளி என்றால் ஒரு தூணின் பங்கு 36 சதுர மீட்டர் ஆகிவிடும். 12 டன்னாக இருந்த சுமை 27 டன் ஆகும், உத்தரத்தின் ஆழமும் கூடும், கீழ்த்தள உயரம் அந்த அளவுக்குக் குறையும். கீழே வைக்கும் ரேக்கின் நீளத்துக்கும் நடைபாதைக்கும் ஒத்துவருகிற மாதிரி தூண்களை வைத்தால் பெரும்பாலும் நடுத்தர இடைவெளியே போதும்.

"ஷெட்டிலேயே இரும்புத் தூண் இருக்கிறதே, அதிலேயே உத்தரத்தைப் பற்றவைத்துவிட்டால் என்ன?" என்ற கேள்வியும் வரும். தொழிற்சாலையில் செய்துவந்து பூட்டும் இரும்பு ஷெட்களின் தூண்கள் கூரை எடைக்கும் காற்றின் விசைக்கும் மட்டும், ஒரு கிலோ இரும்பும் வீணாகாமல், கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. அவற்றில் பல டன் சரக்கைத் தொங்கவிட்டால் கூரைக்கே ஆபத்து. ஷெட் கட்டும்போதே மெஸனைனுக்கும் சேர்த்து வடிவமைத்திருந்தால் மட்டுமே அதைத் தொடலாம். மற்றபடி புதிய தளம் தன் சொந்தக் கால்களில் நிற்க வேண்டும். பக்கவாட்டில் ஆடாமல் இருக்கத் தூண்களுக்கு நடுவே குறுக்குக் கம்பிகள் கொடுப்பார்கள். வண்டி போக இடைஞ்சலாக இருக்கிறது என்று பிறகு அதை அறுத்து எடுப்பது மிகவும் ஆபத்தானது.

எந்த வகை, எந்தத் தளம்?

மேலே சொன்னது தனித் தூண்களில் நிற்கும் வகை. கீழே இடம் திறந்து கிடப்பதால் பேக்கிங் மேசை, தையல் மெஷின், அலுவலகம் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். இன்னொரு வகையில் கீழே இருக்கும் ரேக்குகளே தூண்களாகி மேல்தளத்தைச் சுமக்கும். கீழேயும் மேலேயும் வரிசை வரிசையாகத் தட்டுகள், நடுவில் நடைபாதை. ஆயிரக்கணக்கான சின்னச் சாமான்கள் வைக்கும் உதிரிபாகக் குடோனுக்கும் திருப்பூரின் அக்சசரீஸ் ஸ்டோருக்கும் இது மிக நல்லது, செலவும் குறையும். ஆனால் பிறகு ரேக்கை நகர்த்தி இடத்தை மாற்றியமைக்க முடியாது. மேலே எடை இருக்கும்வரை கீழே உள்ள ஒரு கம்பத்தைக்கூடத் தொடக் கூடாது.

நடக்கும் பரப்புக்கு பூப்போட்ட இரும்புத் தகடு, சிமெண்ட் பலகை, கனமான பிளைவுட், கம்பி வலை போன்ற கிரேட்டிங், நெளி தகட்டின் மேல் ஊற்றும் கான்கிரீட் என்று பல வழிகள் உண்டு. 6 மி.மீ. தகடே சதுர மீட்டருக்கு 47 கிலோவுக்கு மேல் வரும், நடந்தால் சத்தமும் கேட்கும், ஆனால் உழைக்கும். கான்கிரீட் அதிர்வில்லாமல் திடமாக இருக்கும். ஆனால் பிரித்து எடுத்துப் போக முடியாது. வாடகை ஷெட்டுக்கு போல்ட் போட்டு இணைக்கும் சட்டமும் பலகைத் தளமும்தான் சரி.

ஏறுவதும் இறங்குவதும்

தளம் போட்டாகிவிட்டது, சரக்கு எப்படி மேலே போகும்? படி வழியாகத் தோளில் சுமந்துதான் என்று விட்டுவிட்ட இடங்கள் நிறைய. 15 கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் 10 அடி படியில் ஒரு நாளில் எத்தனை முறை ஏற முடியும்? சுமை தூக்குபவரின் முழங்காலையும் முதுகையும் கணக்கில் சேர்க்காத திட்டத்தை நான் நல்ல திட்டமென்று ஏற்கமாட்டேன். அது வியாபாரத்துக்கும் உதவாது. ஏற்றுவது கடினமாக இருந்தால் யாரும் மேலே வைக்க மாட்டார்கள், கீழே மறுபடியும் நெரிசல்தான்.

சரக்கு லிஃப்ட் ஒன்று, அல்லது சாய்வான கன்வேயர் பெல்ட் ஒன்று, தளத்தோடு சேர்த்தே திட்டமிடப்பட வேண்டும். இறக்குவதற்கு மட்டும் சறுக்குத் தொட்டி போதும். ஃபோர்க்லிஃப்ட்டால் பேலட்டை நேராக மேல்தள விளிம்பில் வைக்கும் முறையும் உண்டு. அப்படியானால் விளிம்பில் இரட்டைக் கதவு வையுங்கள். வெளிப்பக்கம் திறக்கும்போது உள்பக்கம் தானாக மூடிக்கொள்ளும் கதவு அது. சாதாரணச் சங்கிலியை மாட்டிவைத்தால் அவசரத்தில் யாராவது கழற்றிவிட்டு மறந்துவிடுவார்கள், பின்னாலேயே நடந்துவருபவர் விழுவார். சரக்கு லிஃப்ட்டில் ஆள் ஏறிப் போகக் கூடாது என்பதையும் முதல் நாளிலிருந்தே கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

விளிம்பு முழுக்க ஒரு மீட்டருக்குக் குறையாத கைப்பிடி, அடியில் 10 செ.மீ. உயரத் தடுப்புத் தகடு. இந்தத் தகடு சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு கத்தரிக்கோலோ டேப் கட்டரோ உருண்டு கீழே நிற்பவர் தலையில் விழாமல் காப்பது அதுதான்.

இந்தத் தளம் எத்தனை கிலோ தாங்கும் என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்ட வேண்டும். திருப்பூரில் தமிழில் மட்டும் எழுதினால் போதாது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் படிக்க இந்தியிலும் எழுதுங்கள். கிலோ எண்ணை விட "நான்கு பெட்டிக்கு மேல் அடுக்காதே" என்று படத்தோடு போட்டால் எல்லோருக்கும் புரியும்.

தீயும் வெயிலும்

பருத்தித் துணி, பாலிபேக், அட்டை: மூன்றும் நன்றாக எரிபவை. கூரையில் தீயணைப்புத் தண்ணீர்த் தெளிப்பான்கள் இருந்தால், புதிய தளம் அவற்றின் தண்ணீரை மறித்துக் கீழ்ப்பகுதிக்குப் போகவிடாது. ஆகவே தளத்துக்கு அடியிலும் இன்னொரு வரிசை தெளிப்பான் வேண்டும். கிரேட்டிங் போட்டால் தண்ணீர் இறங்கிவிடுமே என்பார்கள். வெற்றாக இருந்தால் இறங்கும், அதன்மேல் பெட்டிகளை அடுக்கிவிட்டால் அதுவும் அடைபட்ட தளம்தான். புகை உணர்விகளும் கீழே தனியாக வேண்டும்.

படிகள் குறைந்தது இரண்டு, எதிரெதிர் முனைகளில் இருக்கட்டும். ஒரு படியின் அருகே தீப்பிடித்தால் மேலே இருப்பவர்களுக்கு வேறு வழி வேண்டும். இரும்பு எரியாதே என்று தைரியமாக இருக்கவும் முடியாது. 550 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அது தன் பலத்தில் பாதி அளவை இழந்துவிடுகிறது. ஆட்கள் வேலை செய்யும் தளம் என்றால் தூண்களுக்குத் தீத்தடுப்புப் பூச்சு பற்றிப் பொறியாளரிடம் கேளுங்கள்.

தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில், மேல்தளம் கொதிக்கும். சூடான காற்றெல்லாம் அங்கேதான் போய்த் தங்கும். எலாஸ்டிக்கும் ஸ்டிக்கரும் அந்தச் சூட்டில் சீக்கிரம் கெடும், மனிதர்கள் அதைவிடச் சீக்கிரம் சோர்வார்கள். மேலே பேக்கிங் மேசை போடுவதாக இருந்தால் கூரைக்கு அடியில் வெப்பத்தடுப்பு, கூரை மேல் சுழலும் காற்றுப்போக்கி, நல்ல மின்விசிறிகள் ஆகியவற்றின் செலவையும் தளத்தின் செலவாகவே எழுதிக்கொள்ள வேண்டும்.

யாருக்கு இது வேண்டாம்?

எல்லாச் சரக்கும் பேலட்டில் வந்து பேலட்டிலேயே போகிறது, ஃபோர்க்லிஃப்ட்தான் எல்லாவற்றையும் தூக்குகிறது என்றால் மெஸனைனை விட உயரமான ரேக்குகளே நல்லது. அதே உயரத்தைக் குறைந்த செலவில் நிரப்பும். மெஸனைன் கையால் எடுக்கும் வேலைக்கும், ஆட்கள் உட்கார்ந்து செய்யும் வேலைக்கும் உரியது. அப்புறம், மூன்று வருடமாகத் தொடாத துணி மூலையில் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதை விற்று ஒழித்தாலே பல குடோன்களில் தேவையான இடம் கிடைத்துவிடும்.

போடுவதென்று முடிவானால் அனுமதி விஷயம் இருக்கிறது. மெஸனைனின் மொத்தப் பரப்பு கட்டடத்தின் தரைமட்டப் பரப்பில் (பிளிந்த் ஏரியா) மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அதற்கு மேல் போனால் முழு மாடியாகவே கணக்கிடப்பட்டு, வரைபட அனுமதி சிக்கலாகலாம். உள்ளாட்சி அமைப்பில் பதிவு பெற்ற பொறியாளரிடம் வரைபடத்தைக் காட்டுங்கள், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இருந்தால் புதிய தளத்தால் அதில் மாற்றம் வருமா என்றும் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டாயம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத தளத்தில் இருந்த சரக்கு எரிந்தால் இழப்பீடு கேட்கும்போது தகராறு வரும்.

வாடகைக் கட்டடம் என்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதத்தில் இரண்டு விஷயம் தெளிவாக இருக்கட்டும்: தளம் யாருக்குச் சொந்தம், காலி செய்யும்போது தரையில் போட்ட போல்ட் துளைகளையும் அஸ்திவாரங்களையும் யார் சரிசெய்வது. வேலை முடிந்ததும் ஒப்பந்தக்காரரிடமிருந்து வரைபடத்தையும் சுமைக் கணக்கையும் கையெழுத்தோடு வாங்கிக் கோப்பில் வையுங்கள். நான்கைந்து வருடம் கழித்து மேலே ஒரு புதிய மெஷினை ஏற்றலாமா என்று யாராவது கேட்பார்கள், அப்போது எடுத்துப் பார்க்க வேண்டியது அந்தக் கோப்பைத்தான்.